ஆயா மெத்தையில் ஒளிந்திருந்த கட்டம்

“அம்மா, ஆயா மெத்தையைத் தேடி எடுத்து வைம்மா. என் குழந்தையையும் அதிலேதான் போடணும்!”

வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்த மகள் கேட்ட முதல் சீர் இதுதான். ஒரகடத்தில் கம்பெனி வேலை. ஏழாம் மாதம் வரைக்கும் வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவள். எத்தனையோ கடை இருக்கிறது, புது மெத்தை வாங்கலாமே என்றால் கேட்கிறாளா?

பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். என் மாமியார் பழைய சேலை, வேட்டித் துண்டுகளை ஒட்டுப் போட்டுக் கையாலேயே தைத்த விரிப்பு அது. ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது. நடுவில் இரண்டு சாண் கிழிசல். அத்தை திண்ணையில் உட்கார்ந்து தைத்த நாளெல்லாம் நான் அடுப்படியிலேயே இருந்துவிட்டேன். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். இப்போது கேட்க ஆள் இல்லை.

சரி, பார்த்துத் தைப்போம் என்று இறங்கினேன். மேலே தெரிந்தது பெரிய பெரிய சாய்சதுரங்கள். கருநீலம், அரக்கு, பச்சை எல்லாம் உள்ளே, வெளுத்த நிறங்கள் சுற்றிலும். அதே போல் சாய்சதுரமாகத் துணியை வெட்டினேன். கிராஸாக வெட்டிய துணி சும்மா இருக்குமா? தைக்கத் தைக்க இழுபட்டு, சதுரம் பூசணிக்காய் மாதிரி உப்பிக்கொண்டது. நாலு நல்ல ரவிக்கைத் துண்டு வீண்!

அப்புறம்தான் புத்தி வந்தது. மேலே பார்ப்பதை விட்டுவிட்டு, அடித்துணியைப் பிரித்து உள்ளே பார்த்தேன். சாய்சதுரம் என்று ஒன்றே அங்கே இல்லை! வேட்டித் துணியில் ஒரு சாண் அளவுச் சதுரங்கள்தான் இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி விரற்கடை அகலப் பட்டிகள். இரண்டு பக்கம் வெளிர் நிறம், இரண்டு பக்கம் அடர் நிறம். அடர்ந்த மூலைகள் சந்திக்கும்படி நாலு சதுரத்தைச் சேர்த்தால் நடுவில் சாய்சதுரம் தானாக விழுகிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பழைய ஒட்டு விரிப்பு இருந்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். எந்தப் பட்டி எதன் முனையை மூடுகிறதோ, அதுதான் பிறகு தைத்தது. அப்படியே பின்னோக்கிப் போனால், தைத்தவர் எங்கே ஆரம்பித்தார் என்பது தெரிந்துவிடும். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள் ‘கவந்தி’ என்று ஒரு விரிப்பு தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மக்கள் இவர்கள். அவர்கள் ஓரத்தில் ஆரம்பித்து நடுவை நோக்கி வருவார்கள். தையலும் மேலேயே தெரியும். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியை ‘பூ’ என்று வைத்து முடிப்பார்கள். பூ இல்லாத கவந்தி, துணி உடுத்தாத மாதிரியாம்!

அத்தை தைத்தது இதற்கு நேர் எதிர்: நடுவிலிருந்து வெளியே. இந்தக் கட்டத்துக்கு அமெரிக்காவில் ‘மர வீடு’ என்று பெயர். 1860-களுக்குப் பிறகு அங்கே வீட்டுக்கு வீடு பரவியது. அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் இதே வகையை ‘வீட்டுக்கூரை’ என்பார்கள். அவர்கள் தைத்தவற்றை 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள மான் தீவிலும் இதற்குப் பெயர் கூரைதான். அங்கே அந்தக் காலத்துப் பெண்கள் அளவுகோல் தொடவில்லை. சாணும் விரலும்தான் அளவு. அத்தையின் பட்டிகளும் ஒன்றுக்கொன்று நூலளவு வித்தியாசமாகத்தான் இருக்கின்றன.

எனக்கு அந்தக் கை வராது, அங்குலக் கணக்குதான். நாற்பது அங்குல விரிப்புக்கு 16 கட்டம் வேண்டும். ஒரு கட்டத்துக்குப் பழைய வேட்டியில் பத்தரை அங்குலச் சதுரம் ஒன்று, நடுவுக்கு இரண்டரை அங்குலச் சதுரம் ஒன்று, ஒன்றரை அங்குல அகலத்தில் பட்டிகள். எல்லா அளவிலும் தையலுக்குப் பக்கத்துக்குக் கால் அங்குலம் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

வேட்டிச் சதுரத்தில் மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போடுங்கள். கோடுகள் வெட்டும் இடத்தில் நடுச் சதுரத்தை வையுங்கள். அதன் மேல் வெளிர்ப் பட்டியைக் கவிழ்த்து, ஓரம் சேர்த்து, வேட்டியோடு ஓட்டுத் தையல் போட்டு, மிச்ச நீளத்தை வெட்டிவிட்டு, வெளிப்பக்கம் திருப்பி நகத்தால் நீவிவிடுங்கள். அடுத்த பக்கம் இன்னொரு வெளிர்ப் பட்டி, பிறகு இரண்டு அடர்ப் பட்டிகள். ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் திரும்பினால் கட்டம் மாறிவிடும். நாலு சுற்று, 16 பட்டி. அவ்வளவுதான் ஒரு கட்டம். பதினாறையும் இணைத்த பிறகு, ஒரு பழைய பருத்திச் சேலையை அடியில் கொடுத்து ஓரத்தை மடித்துத் தையுங்கள்.

துணி விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். புதுத் துணியை அலசிக் கஞ்சி போக்கிய பிறகே வெட்டுங்கள். ஈரத்தோடு வெள்ளைத் துணியில் தேய்த்து, சாயம் போகிறதா என்றும் பாருங்கள். நம் பக்கம் பட்டுக்குப் பஞ்சமில்லைதான், ஆனாலும் ஜரிகைக்கரை வேண்டாம். பச்சைக் குழந்தையின் தோலைக் கீறிவிடும். உள்ளே பஞ்சும் வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் மெத்துமெத்தென்ற விரிப்போ தளர்ந்த போர்வையோ கூடாது, மூச்சு முட்டும் என்கிறார்கள் டாக்டர்கள். இது குழந்தை விழித்திருக்கும்போது தரையில் விரித்துப் போட மட்டும்.

இது வரை 11 கட்டம் முடிந்திருக்கிறது. நடுச் சதுரங்களை மட்டும் அத்தையின் மெத்தையில் நைந்துபோகாத இடமாகப் பார்த்து வெட்டினேன். பதினாறுக்குப் பதினாலுதான் தேறியது. “மீதி ரெண்டுக்கு என் ஸ்கூல் பாவாடையை வெட்டிக்கோயேன்” என்கிறாள் மகள்.