பெரியவங்களுக்கும் ஊசி உண்டு

"ஊசியா? அது கைப்பிள்ளைக்குப் போடறதுய்யா. கட்டை வேகப் போற வயசுல எனக்கு எதுக்கு?"

கோலா சாவா பக்கத்துத் தோட்டங்களில் நிமோனியா தடுப்பூசியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருகிற பதில் இதுதான். அடுத்த பதில்: "காய்ச்சல் வந்தா கிளினிக்ல மாத்திரை தர்றாங்க, தின்னா போச்சு." இரண்டுமே தப்பு.

2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் மருத்துவர் சான்று கொடுத்த மரணங்களில் இருதய நோயால் போனவர்கள் 15 விழுக்காடு. அதற்கு அடுத்த இடம் நிமோனியாவுக்குத்தான், 12.2 விழுக்காடு. நூறு சாவில் பன்னிரண்டு! இதில் பெரும்பாலோர் வயசானவர்கள்.

நிமோனியா என்பது வேறொன்றுமில்லை. நுரையீரலில் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுப் பைகளில் நீரும் சீழும் கட்டிக்கொள்வது. பல கிருமிகள் இதைச் செய்யும். பெரியவர்களிடம் முக்கியமான கிருமி நியூமோகாக்கஸ். பல பேருடைய மூக்கிலும் தொண்டையிலும் இது சும்மா குடியிருக்கும். உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து உள்ளே இறங்கிவிடும்.

இந்தக் கிருமிக்கான ஊசி யாரிடம் முதலில் சோதிக்கப்பட்டது தெரியுமா? நம்மைப் போன்ற கூலிக்காரர்களிடம்தான். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் பிடித்து வந்து, கொட்டடிகளில் நெருக்கிப் படுக்க வைத்தார்கள். புதிதாக வந்தவர்கள் நிமோனியாவில் மளமளவென்று செத்தார்கள். வெப்பமான வடபகுதிகளிலிருந்து ஆள் எடுக்கவே 1913ல் தடை போடுகிற அளவுக்கு நிலைமை முற்றியது. அதற்கு முன்பே, 1911ல், சுரங்க முதலாளிகள் ஆல்ம்ரோத் ரைட் என்ற ஆங்கிலேய மருத்துவரை வரவழைத்து ஊசி போட்டுப் பார்த்தார்கள். தொழிலாளி மேல் இரக்கமா? ஆள் செத்தால் வேலை நிற்குமே, அந்தக் கவலைதான். அந்த முதல் ஊசி தெளிவான பலன் தரவில்லை.

பிறகு பென்சிலின் வந்தது. "மருந்து இருக்கையில் ஊசி எதற்கு?" என்று, 1940களில் செய்த ஊசியையும் வாங்க ஆளில்லாமல் நிறுத்திவிட்டார்கள். நம்ம லயத்தில் சொல்கிற அதே பேச்சை அமெரிக்க டாக்டர்களும் சொன்னார்கள்! ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற டாக்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பென்சிலின் கொடுத்தும், நோய் முற்றி வந்தவர்கள் முதல் சில நாளிலேயே சாகிறார்கள் என்று 1964ல் கணக்கோடு காட்டினார். மருந்து வேலை செய்வதற்குள் உடம்பு கெட்டுப் போகிறது. 1970களில் அவரும் அதே தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குத்தான் போனார். புதிய ஊசி போட்ட தொழிலாளிகளிடம், அந்த ஊசியில் சேர்ந்திருந்த கிருமி வகைகளால் வரும் நிமோனியா ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. 1977ல் 14 வகைக்கும், 1983ல் 23 வகைக்கும் ஊசி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்று அதைவிட நல்ல ஊசிகள் உண்டு. அநேகம் பெரியவர்களுக்கு ஒரே ஒரு தடவை போட்டால் போதும்.

கைநீட்டி ஊசியைச் சோதிக்கக் கொடுத்தவன் தொழிலாளி. இன்று காசு கொடுத்துப் போட்டுக்கொள்பவன் யார் என்று பாருங்கள்.

இன்னொரு ஊசி புளூ காய்ச்சலுக்கானது. இதற்கும் நிமோனியாவுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். 1918ல் உலகத்தையே ஆட்டிய புளூ, மலாயாத் தோட்டங்களையும் விடவில்லை. அப்போது இறந்தவர்களின் நுரையீரல் துண்டுகளை அமெரிக்காவில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அவற்றை ஆராய்ந்து 2008ல் ஒன்று சொன்னார்கள்: பெரும்பாலோரைக் கடைசியில் கொன்றது புளூவுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா. புளூ கதவை உடைக்கிறது, நியூமோகாக்கஸ் உள்ளே நுழைகிறது. ஆகவே இரண்டு ஊசியும் வேண்டும். புளூ கிருமி அடிக்கடி உருமாறுவதால் அந்த ஊசியை மட்டும் வருஷா வருஷம் போட வேண்டும்.

"போன வருசம் போட்டேன், அப்புறமும் சளி புடிச்சுதே?" ஒரு ஊசி அதற்குரிய கிருமியைத்தான் தடுக்கும். சாதாரணச் சளிக்கு அது ஆகாது. புக்கிட் பெலண்டோக் பக்கம் 1999ல் நடந்தது நம் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து அதற்கு ஊசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. கடைசியில் அது சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அழைக்கப்படும் புதுக் கிருமி என்று தெரிந்தது. 105 உயிர் போய்விட்டது. குற்றம் ஊசி மேலில்லை, கிருமி வேறு.

ஊசி போட்ட கை ஒருநாள் வலிக்கும், லேசாகக் காயும். அடுத்த நாள் பெரட்டுக்குப் போக முடியாத அளவுக்குப் பெரும்பாலும் வராது. முன்பு ஏதாவது ஊசிக்கு உடம்பு தடித்து மூச்சு முட்டியிருந்தால் மட்டும் டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

யாருக்கு அவசியம்? 60 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், சுருட்டோ சிகரெட்டோ விடாதவர்கள். நம் லயத்தில் இந்தப் பட்டியலில் சேராத வீடு எத்தனை? குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சிழுத்தால் நெஞ்சுக் குத்து, மூச்சு வாங்குதல் வந்தால் அன்றைக்கே கிளினிக்குப் போங்கள். கிழவர்களுக்குச் சில வேளை காய்ச்சலே இராது, பேச்சு குழறும், ஆள் மந்தமாகிவிடுவார். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் அது காசநோயாக இருக்கலாம், சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இனி காசு விஷயம். 2020லிருந்து பிறந்த குழந்தைகளுக்கு அரசாங்கம் நிமோனியா ஊசியை இலவசமாகப் போடுகிறது. பெரியவர்கள் தனியார் கிளினிக்கில் போட்டால் காசு. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று 2025ல் ஆக்கியிருக்கிறார்கள். அதில் அரிசி, பிள்ளைகள் பள்ளிச் செலவு போக ஊசிக்கு எங்கே மிஞ்சும்? 60 கடந்து நாட்பட்ட நோயும் உள்ளவர்களுக்குப் புளூ ஊசி அரசாங்கக் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கலாம். ஐ.சி.யையும் சர்க்கரை நோய்க் கார்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

வேலையில் இருப்பவர்களுக்கு நிர்வாகம்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. மருந்தடிக்கிறவனுக்குக் கையுறை கொடுக்கிறபோது புளூ ஊசி ஏன் கூடாது? பத்து நாள் படுத்தால் நஷ்டம் அவர்களுக்கும்தான். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதை வைக்கலாம். பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசிய, வங்காளத் தொழிலாளிகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். நாம் விடுகிற மூச்சைத்தான் அவர்களும் இழுக்கிறார்கள்.

அதற்குக் கணக்கு வேண்டும். உங்கள் வீட்டில் 60 தாண்டியவர்கள் யார், சர்க்கரை, ஆஸ்துமா யாருக்கு, வேலையில் இருப்பவர் எத்தனை பேர் என்று ஒரு காகிதத்தில் எழுதி, இந்த மாதச் சம்பளத்துக்குள் தோட்டத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள்.