கல்லுக்காக மல்லுக்கட்டு! விஷப் பொடியில் பிறக்கும் விசித்திரப் படிகம்

பார்த்தால் சாதாரண கண்ணாடிச் சில்லு. கனம் சில மில்லிமீட்டர்தான். ஆனால் அது கிடைக்காமல் பல நாட்டு விஞ்ஞானிகள் கையைப் பிசைந்தார்கள்.

அதன் பெயர் கே.பி.பி.எப். லேசர் ஒளியை உள்ளே விட்டால், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியாக மாற்றி வெளியே அனுப்பும் படிகம் அது.

தூசி என்று அழித்தார்கள்

இந்த வித்தை முதலில் தெரியவந்தது 1961-ல். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராங்கன் குழுவினர் சிவப்பு லேசரை ஒரு குவார்ட்ஸ் கல்லில் பாய்ச்சினார்கள். அலைநீளம் பாதியான புற ஊதா ஒளி மங்கலாக வெளியே வந்தது. படத்தில் சின்னப் புள்ளியாகப் பதிந்தது. அச்சுக்குப் போன இடத்தில் அதைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டார்களாம்! பத்திரிகையில் அம்புக்குறி மட்டும்தான் மிச்சம்.

சீனா போட்ட பூட்டு

பிறகு சீன விஞ்ஞானி சென் சுவாங்தியான் குழுவினர் கே.பி.பி.எப்.பை உருவாக்கினார்கள். 200 நானோமீட்டருக்கும் கீழே ஒளி தரும் அபூர்வப் படிகம். இதை வெளிநாடுகளுக்குக் கொடுப்பதைச் சீனா நிறுத்திவிட்டதாக 2009-ல் செய்தி வெளியானது. மற்ற நாட்டு ஆய்வுக்கூடங்கள் திகைத்தன.

தாங்களே செய்துகொள்ளலாமே? அங்கேதான் ஆபத்து. இதில் பெரிலியம் இருக்கிறது. அதன் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் போச்சு. கல்லும் ஏடு ஏடாக உரியும். கனமாக வளர்ப்பது பெரும்பாடு.

மாற்று வழி என்ன?

ஆகவே விஷமில்லாத படிகத்தை வடிவமைக்கும் வேலை நடக்கிறது. இதில் ‘பெரோ எலக்ட்ரிக்’ படிகங்களுக்குத் தனி மவுசு. இவற்றுக்குள் இயற்கையாகவே மின்முனைகள் உண்டு. வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து அவற்றைத் தலைகீழாகத் திருப்பலாம்.

திருப்பி என்ன லாபம்? தேர் வடம் பிடிப்பவர்களில் பாதிப் பேர் பின்னால் இழுத்தால் தேர் நகருமா? படிகத்துக்குள்ளும் அதே கதைதான். பிறக்கும் புது ஒளி கொஞ்ச தூரத்தில் அடி பிசகி, ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். தலைமுடியை விட மெல்லிய பட்டைகளாக முனைகளை மாற்றி மாற்றித் திருப்பி வைத்தால், எல்லாம் ஒரே பக்கம் இழுக்கும். ஒளி பெருகும்.

இதில் பேர்போன லித்தியம் நியோபேட், சுமார் 320 நானோமீட்டருக்குக் கீழே ஒளியைத் தானே விழுங்கிவிடுகிறது. பேரியம் மக்னீசியம் புளோரைடு 125 நானோமீட்டர் வரை வழிவிடுகிறது. ஆனால் ஒளியை மாற்றும் சக்தி சொற்பம்.

ஒன்றில் வழி உண்டு, வலு இல்லை. மற்றதில் வலு உண்டு, வழி இல்லை. இரண்டும் சேர்ந்த கல்லைச் செய்பவர் கையில்தான் சாவி!