புது ரேம், புது எஸ்எஸ்டி, அப்புறமும் ஏன் ஹேங் ஆகுது?

இந்த எபிசோடுக்குக் காரணம் மேலூர்ல இருந்து வந்த ஒரு வாய்ஸ் நோட். அண்ணனுக்கு ஸ்கூல்ல கொடுத்த கவர்மென்ட் லேப்டாப் இப்போ தங்கச்சி கையில. எஸ்எஸ்டி மாத்தி, கூடுதலா ஒரு 4 ஜிபி ரேமும் போட்டிருக்காங்க. ரெண்டு நாள் பறந்துச்சாம். மூணாவது நாள்ல இருந்து திடீர் திடீர்னு அப்படியே உறைஞ்சு நிக்குது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் உள்ள மாட்டிக்கிச்சு. கடைக்காரர் சொன்ன ஒரே மருந்து: "ஃபார்மட் அடிச்சிரலாம்."

அடிக்காதீங்க. 2011 செப்டம்பர்ல தொடங்கின திட்டம் அது. அந்த லேப்டாப்புகள் இன்னும் எத்தனையோ வீட்டுல ஓடுது, அதுக்கு உயிர் கொடுக்கிறதே இந்த ரெண்டு பார்ட்ஸ்தான். ஆனா பார்ட்ஸ் மாத்தின பிறகு வந்த கோளாறுன்னா, முதல் சந்தேகம் மாத்தின பார்ட்ஸ் மேலதான். ரேம் கோளாறா இருந்தா, அது மேல புதுசா விண்டோஸ் போட்டாலும் பழுதாத்தான் ஏறும்.

முதல் வேலை, ஓடுற அந்தக் கொஞ்ச நேரத்துல ஃபைலை பென் டிரைவுக்கு மாத்துங்க. மாத்தினதை வேற மெஷின்ல திறந்தும் பாருங்க. கெட்ட ரேம் வழியா காப்பி ஆன ஃபைல் சத்தமில்லாம கெட்டுப் போயிருக்கலாம்.

அடுத்த தடவை உறையும்போது உடனே பவர் பட்டனை அமுக்காம, கேப்ஸ் லாக்கைத் தட்டுங்க. அந்தக் கீக்கு லைட் இருந்து, அது மாறலைன்னா மொத்த மெஷினும் நின்னுருச்சு. ரேம், சூடு, போர்டு, இந்தப் பக்கம் தேடணும். லைட் மாறுது, மவுஸும் நகருது, ஆனா எதுவும் திறக்கலைன்னா டிஸ்க் பக்கம். ஈவென்ட் வியூவர்ல 'கெர்னல் பவர் 41'னு இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சரியா ஷட்டவுன் ஆகலைங்கிறதைத்தான் அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. 'ஸ்டோர் ஏஹெச்சிஐ' பேருல 129னு வரிசையா வந்திருந்தா, டிஸ்க் பதில் சொல்லலைன்னு அர்த்தம்.

இப்போ ரேம். புதுசைக் கழட்டிட்டு பழசோட ஒரு நாள் ஓட்டுங்க. நல்லா ஓடுதா? அப்போ புதுசை மட்டும் அதே ஸ்லாட்ல போடுங்க. அப்புறம் அடுத்த ஸ்லாட்ல. ரேம் கெட்டதா, ஸ்லாட் கெட்டதா, ரெண்டும் தனித்தனியா நல்லா இருந்து சேர்ந்தா மட்டும் சண்டை போடுதான்னு இப்படித்தான் பிரியும். ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தினா ஒண்ணுமே தெரியாது. இதுல ஒரு பொறி: டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல்லுக்கு 1.35 வோல்ட். லேப்டாப்புல ரெண்டும் ஒரே 204 பின் ஸ்லாட்ல அழகா உட்காரும். ஆனா சில போர்டு 1.35 மட்டும்தான் கொடுக்கும். சில நேரம் ஆன் ஆகாது, சில நேரம் ஆன் ஆகி உயிரை வாங்கும். ஸ்டிக்கர்ல அந்த 'எல்' இருக்கான்னு பாருங்க.

மெம்டெஸ்ட்86+ஐ பென் டிரைவுல போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் விட்டுறக் கூடாது.

எஸ்எஸ்டின்னா ஃபர்ம்வேரையும் பாருங்க. க்ரூசியல் எம்4ன்னு ஒரு பிரபலமான எஸ்எஸ்டி இருந்துச்சு. மொத்தமா 5,184 மணி நேரம் ஓடினதும் பதில் சொல்றதை நிறுத்திரும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வரும், மணிக்கு ஒரு தடவை திரும்ப நிக்கும். உள்ள இருந்த ஒரு கவுன்ட்டர்ல பிழை! 2012 ஜனவரியில அப்டேட் வந்ததும் சரியாச்சு. டிஸ்க்கை யாரும் மாத்தவே தேவைப்படலை.

ரெண்டும் சரின்னா சூடு. நம்ம ஊரு சித்திரை வெயில்ல ரூமே அடுப்பு மாதிரி இருக்கும். திறந்து மூடும்போது ஃபேன் வயர் கழண்டிருந்தா அப்புறம் சொல்லவே வேண்டாம். இருபது நிமிஷம் ஓடி நின்னு, உடனே ஆன் பண்ணா அஞ்சு நிமிஷத்துலயே நின்னா, ஃபேன் சுத்துதான்னு முதல்ல காதை வச்சுக் கேளுங்க.

ரேம்தான் குற்றவாளின்னா, மெம்டெஸ்ட் காட்டுற சிவப்பு எரர் வரிகளை போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. பில்லோட அதையும் கடையில காட்டுங்க. "எங்ககிட்ட நல்லாத்தான் ஓடுச்சு"ங்கிற பேச்சு அங்கேயே முடிஞ்சிரும்.