கடைக்குக் காப்புறுதி: அறிய வேண்டுவன

தோட்டங்களில் மரண சகாயச் சங்கம் நமக்குப் புதிதன்று. ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் சிறு தொகை செலுத்துகிறது. துயருற்ற குடும்பத்திற்கு அது பெருந்துணையாகிறது. வணிகக் காப்புறுதியின் அடிப்படையும் இதுவே. வணிகர் பலர் செலுத்தும் சந்தா ஒன்றுதிரண்டு, இழப்புக்குள்ளான சிலரைத் தாங்குகிறது.

சம்பளத்திற்கு உழைக்கும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் வினவலாம். 1960ஆம் ஆண்டில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதன்வழி, பால்மரம் சீவியோரே தோட்டங்களுக்குப் பங்குதாரராயினர். உடைமை வரும்போது இழப்பின் பொறுப்பும் உடன் வருகிறது. பிற்காலத்தில் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டன. வெளியேறியோருள் சிலர் சேமநிதிப் பணத்தை முதலாக்கி ஈப்போவிலும் அண்டை ஊர்களிலும் கடை வைத்தனர். அத்தகைய கடையில் பற்றும் ஓரிரவுத் தீ, வாழ்நாள் உழைப்பையே விழுங்கிவிடும்.

அடிப்படைத் தீக் காப்புறுதி பொதுவாகத் தீ, மின்னல், சமையல் எரிவாயு வெடிப்பு ஆகியவற்றால் நேரும் சேதத்தை ஏற்கும். வெள்ளச் சேதம் வேண்டுமாயின் கூடுதல் சந்தா செலுத்திச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். திருட்டுக்கும், கடை மூடிக் கிடக்கும் நாள்களில் இழக்கும் வருமானத்திற்கும் தனித்தனிக் காப்புறுதிகள் உள.

இங்கு ஒன்றை நாம் வலியுறுத்த விரும்புகிறோம். 100,000 வெள்ளி மதிப்புள்ள சரக்கை, சந்தாவைக் குறைக்க எண்ணி, ஒருவர் 50,000 வெள்ளிக்கே காப்புறுதி செய்தார் என்று கொள்வோம். தீயில் 40,000 வெள்ளிச் சரக்கு அழிகிறது. தொகை முழுவதும் கிடைக்கும் என அவர் நம்புவார். ஆயின், பத்திரத்திலுள்ள சராசரி விதிப்படி அவர் பெறுவது 20,000 வெள்ளியே. பாதி மதிப்பிற்குச் சந்தா செலுத்தியவர், மறுபாதி இழப்பைத் தாமே சுமக்கிறார். மதிப்பை மிகைப்படுத்துவதாலும் பயனில்லை. உண்மையான இழப்புக்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை.

ஆகவே, சரக்கின் மதிப்பை ஆண்டுதோறும் கணக்கிடுக. கொள்முதல் பற்றுச்சீட்டுகளின் நகல்களைக் கடையில் வையாது வீட்டில் வைத்திடுக. சாயம், மண்ணெண்ணெய் போன்றவை கடையில் இருப்பின் விண்ணப்பத்திலேயே தெரிவித்திடுக. மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். நிறுவனம் பேங்க் நெகாராவின் உரிமம் பெற்றதா என்றும் பார்த்துக்கொள்க.

பத்திரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருப்பின், பள்ளி செல்லும் பிள்ளைகளைக் கொண்டேனும் படித்துப் பொருள் கேட்டறிதல் நன்று. தீ அணைந்த பின்னர்ப் படிப்பதினும், கையொப்பமிடும் முன்னர்ப் படிப்பதே அறிவுடைமையாகும்.