முகத்தில் எரிச்சலா? பரு என்று முடிவு கட்டாதீர்கள்!

சூடாகக் காபி குடித்தால் கன்னம் காந்துகிறது. வெயிலில் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு வந்தால் மூக்கைச் சுற்றி எரிகிறது. கூடவே சின்னச் சின்னக் கொப்புளங்கள். 30 வயதைத் தாண்டிய பலர் இதைப் பரு என்றே நினைக்கிறார்கள். 'ரோசேசியா'வாகவும் இருக்கலாம்.

பரு என்றால் கரும்புள்ளிகளும் இருக்கும். ரோசேசியாவில் அவை வராது. வெளுத்த தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியும். நம் மாநிறத்தில் அது மங்கிவிடுவதால், கண்ணாடியைவிட எரிச்சலைத்தான் நம்ப வேண்டும். கண்ணும் உறுத்தினால் தள்ளிப்போடவே கூடாது.

இங்கே நிலைமையைக் கெடுப்பது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'சிவப்பழகு' க்ரீம்தான். ட்யூபில் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் முகம் பளபளக்கும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் தெரிந்து, ரோசேசியா போலவே கொப்புளம் கிளம்பும். நிறுத்தினாலோ எரிச்சல் இன்னும் கூடும். பயந்துபோய் மறுபடி தடவுவார்கள். 14 ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. சீட்டு கேட்காத கடைகள் இன்னும் இருக்கின்றன!

தோல் மருத்துவரிடம் போகும்போது அந்த ட்யூபையே எடுத்துச் செல்லுங்கள். உடனே நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்று அவர் முடிவு செய்வார். ரோசேசியாவை அடியோடு போக்க முடியாது. ஆனால் மெட்ரோனிடசோல் ஜெல், ஐவர்மெக்டின் க்ரீம், டாக்சிசைக்ளின் மாத்திரை போன்றவற்றால் கட்டுக்குள் வைக்கலாம். கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், டாக்சிசைக்ளின் அவர்களுக்கு ஆகாது.

வீட்டில், எலுமிச்சைச் சாறு, ஸ்க்ரப் எதுவும் வேண்டாம். மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், தினமும் சன்ஸ்க்ரீன் போதும். காபிப் பிரியர்கள் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலும் சூடுதான் வில்லன். ஆற்றிக் குடித்துப் பாருங்கள்.