மஞ்சள் விளக்கு எரிஞ்சா ஃபில்டரை வெட்டிடலாமா? டீசல் பிக்கப் வண்டிகளின் புகைக் கணக்கு

திருநின்றவூரிலிருந்து விடியற்காலையில் கோயம்பேட்டுக்குக் கிளம்பும் பிக்கப் வண்டிக்காரரை, டீசல் தீர்வதைக் காட்டும் விளக்கைவிட அதிகமாகப் பயமுறுத்தும் விளக்கு ஒன்று இருக்கிறது. மஞ்சள் நிறம். சின்னதாக ஒரு பெட்டி, அதற்குள் சில புள்ளிகள், இரண்டு பக்கமும் குழாய். முதல் நாள் அது எரியும்போது வண்டி நன்றாகத்தான் ஓடும். கண்டுகொள்ளாமல் விட்டால் எஞ்சின் விளக்கும் கூடச் சேர்ந்துகொள்ளும். பிறகு ஒருநாள் முழு லோடோடு மேம்பாலம் ஏறும்போது, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுவையே இருக்காது.

வண்டி நின்றால் அன்றைய வாடகை போச்சு. மாதத் தவணை மட்டும் நிற்காது. சர்வீஸ் சென்டரில் ஃபில்டரை மாற்றச் சொல்லி எஸ்டிமேட் போட்டால், வண்டியைப் பொறுத்துப் பல பத்தாயிரம் ரூபாய் வரும். சில வண்டிகளுக்கு லட்சத்தையும் தாண்டும். அந்த நேரம் பார்த்துப் பட்டறையில் யாராவது, ‘எதுக்குணா வம்பு, அதை எடுத்துட்டா தொல்லை விட்டுது, மைலேஜும் கூடும்’ என்றால் தலையாட்டாமல் இருப்பது கஷ்டம்தான்.

தலையாட்டுவதற்கு முன் ஒரு விஷயம். இந்த விளக்கு எரியும் பல நேரங்களில் ஃபில்டர் கெட்டுப்போயிருக்காது. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நம் ஓட்டம் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சைலன்சர் வழியில் ஒரு தேன்கூடு

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பிஎஸ்-6 வண்டிகளைத்தான் விற்க முடியும். 2017-ல் நாடு முழுக்க வந்த பிஎஸ்-4-லிருந்து, 5-ஐத் தொடாமலேயே 6-க்குத் தாவினோம். டீசலில் இருந்த கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் கார் ஒன்று ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை கரித்துகள் விடலாம் என்று இருந்ததை 4.5 மில்லிகிராமாக இறுக்கினார்கள். பழைய பிக்கப் வண்டிகளுக்குக் கார்களைவிடவும் தாராளமான வரம்பு இருந்தது. அதுவும் இதே அளவுக்கு இறங்கியது. எஞ்சினை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் வடிகட்டி இல்லாமல் இந்த அளவை எட்டுவது நடக்காத காரியம். அப்படி வந்ததுதான் டி.பி.எஃப். என்கிற டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர். குட்டியானையின் பெட்ரோல், சி.என்.ஜி. மாடல்களை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. டீசல்காரர்களுக்குத்தான்.

பார்க்க அது ஒரு இரும்பு உருளை. உள்ளே பீங்கான் போன்ற பொருளில் செய்த தேன்கூடு. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் குழாய்கள். ஒரு குழாய்க்கு முன்பக்கம் திறப்பு, பக்கத்துக் குழாய்க்குப் பின்பக்கம் திறப்பு. உள்ளே நுழைந்த புகை வெளியே வர வேண்டுமானால் நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டுதான் போக முடியும். காற்று போய்விடும், கரி சுவரிலேயே தங்கிவிடும். நல்ல நிலையில் இருக்கும் ஃபில்டர் 95 சதவிகிதத்துக்கு மேல் கரித்துகளைப் பிடித்துவிடும்.

பிடித்த கரி எங்கே போகும்? அங்கேயே எரிந்து சாம்பலாக வேண்டும். வண்டி நல்ல வேகத்தில் விட்டுவிடாமல் ஓடினால், புகையின் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். அந்தச் சூடு வராவிட்டால், ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை சென்சார் பார்த்துச் சொல்லும். எஞ்சினின் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தெளித்து, சூட்டை 550, 600 டிகிரிக்குக் கொண்டுபோய் எரிக்கும். ‘ரீஜெனரேஷன்’ என்பார்கள். பானை அடியில் பிடித்ததைச் சுட்டு எடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதற்குப் பத்து, இருபது நிமிடம் தடையில்லாத ஓட்டம் தேவை. பாதியில் சாவியைத் திருப்பினால் வேலை பாதியில் நின்றுபோகும்.

நம் வண்டிகளின் ஓட்டம் எப்படி என்று யோசியுங்கள். காய்கறி ஏற்றிக்கொண்டு அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் என்று சி.டி.எச். ரோட்டில் ஊர்ந்து வர வேண்டும். வந்ததும் தெருத் தெருவாக முதல் கியர், இரண்டாவது கியர். கடை வாசலில் மூட்டை இறக்கும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கேன் வண்டி, கேஸ் சிலிண்டர் வண்டி, செங்கல் சூளைக்கு ஓடும் வண்டி, எல்லாம் இதே கதைதான். இருநூறு மீட்டர் போவதும் நிற்பதுமாக இருந்தால் சூடு எங்கிருந்து வரும்? கம்ப்யூட்டர் எரிக்க ஆரம்பிக்கும், டிரைவர் வண்டியை நிறுத்திவிடுவார். மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிறுத்துவார். இப்படி அரைகுறையாக நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும் தெளித்த டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலோடும் கலந்துவிடக்கூடும். ஆயில் மட்டம் ஏறுகிறது என்று சந்தோஷப்படுவதற்கு ஒன்றுமில்லை. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் தேயும்.

மஞ்சள் விளக்கு இந்தக் கட்டத்தில்தான் எரிகிறது. ‘என்னைக் கொஞ்சம் ஓடவிடு’ என்று கேட்கிற விளக்கு அது.

வெட்டினால் என்ன ஆகும்?

பட்டறையில் நடப்பது எளிய வேலை. உருளையைத் திறந்து உள்ளே இருக்கும் தேன்கூட்டை உடைத்துக் கொட்டிவிட்டு, மறுபடி மூடி வெல்டிங் வைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஃபில்டர் இருப்பதுபோலவே இருக்கும். அதோடு, சென்சார் கத்தாமல் இருக்க கம்ப்யூட்டர் புரோகிராமையும் மாற்ற வேண்டும். மனதுக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் திருநின்றவூர். அந்த ஊர் வண்டியின் கம்ப்யூட்டர் இல்லாத ஃபில்டரை இருப்பதாக நம்பிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் பூசலாரே சிரித்துவிடுவார்.

வண்டிக்கு உடனே மூச்சு வரும், இழுக்கும். இது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. அடைப்பு போனால் எந்த எஞ்சினும் அப்படித்தான். ஆனால் அடைத்துக்கொண்டிருந்த கரி இப்போது பின்னால் வருகிறவர் மூக்குக்குப் போகிறது. பிக்கப் வண்டியின் சைலன்சர் வாய் தரையை ஒட்டி இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பள்ளிக் குழந்தைகளின் முகம் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்தத் துகள்களில் பெரும்பாலானவை 0.1 மைக்ரானுக்கும் சிறியவை. தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு. மூக்கு முடியில் சிக்காமல் நுரையீரலின் கடைசி அறை வரை போகக்கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012 ஜூனில் டீசல் புகையை, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் அதே பட்டியல். நாள் முழுக்க அந்தப் புகைக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர் டிரைவர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது என்கிறது. மாற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புகை வரம்பை மீறினால் தனியாக 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும், மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் பறிப்பும் உண்டு. வெட்டிக் கொடுத்த பட்டறைக்காரர் இதில் எதற்கும் உங்களோடு வந்து நிற்க மாட்டார். எஞ்சினுக்கு வாரன்டி பாக்கியிருந்தால் அதையும் மறந்துவிட வேண்டியதுதான்.

‘புகை சர்டிஃபிகேட் எல்லாம் வாங்கிடலாம்’ என்று ஒரு தைரியம் இருக்கிறது. அதில் அரை உண்மை உண்டு. நம் ஊர் டீசல் புகைப் பரிசோதனை, எஞ்சினை முடுக்கிப் புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளை அது எண்ணுவதில்லை. ஐரோப்பாவிலும் இதே ஓட்டை இருந்தது. பிரிட்டன் 2014 பிப்ரவரியிலிருந்து, வருடாந்தரப் பரிசோதனையில் ஃபில்டரைக் காணோம் என்றால் வண்டி ஃபெயில் என்றது. உடனே உருளையை வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் காலி செய்ய ஆரம்பித்தார்கள். அதனால் பெல்ஜியம் 2022-லும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-லும் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியையே பரிசோதனைக்குக் கொண்டுவந்தன. நம் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வண்டிக்கு எட்டு வயதானபின் வருடா வருடம், எஃப்.சி. காட்டுகிற பிக்கப்புக்கு அந்தக் கருவி என்றைக்கு வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வந்த அன்று, உடைத்துக் கொட்டிய தேன்கூட்டைத் திரும்ப ஒட்ட முடியாது.

வண்டிக்காரர் மட்டுமே குற்றவாளி என்று சொல்வதும் நியாயமில்லை. புகைக் கணக்கில் ஏமாற்றியதில் பெரிய கைகள்தான் முதலில். நம் ஊரில் கல்யாணத்துக்கும் திருப்பதிக்கும் ஓடிய டவேரா ஞாபகம் இருக்கிறதா? 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் 1.14 லட்சம் டவேராக்களைத் திரும்ப அழைத்தது. புகைப் பரிசோதனையில் ஊழியர்கள் தில்லுமுல்லு செய்ததைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2015-ல் ஃபோக்ஸ்வேகன் உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் பரிசோதனையை ஏமாற்றும் புரோகிராம் வைத்திருந்தது வெளியே வந்தது. பணக்கார நாட்டுப் பிக்கப்காரர்களும் உத்தமர்கள் இல்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் அமைப்பு 2020-ல் கணக்கெடுத்தபோது, பத்து வருடத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்கப்களில் புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைப் பிடுங்கியிருந்தார்கள். அதனால் வந்த கூடுதல் புகை, சாலையில் புதிதாக 90 லட்சம் பிக்கப்களை இறக்கிவிட்டதற்குச் சமம் என்றது அந்த அறிக்கை. அங்கே பலர் செய்தது கெத்துக்காக. இங்கே தவணைக்காக.

பக்கத்திலேயே இருக்கிறது ரிங் ரோடு

திருநின்றவூர்க்காரர்களுக்கு ஒரு வசதி. பக்கத்திலேயே நெமிலிச்சேரி, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் போகும் வெளிவட்டச் சாலை அதன் வழியாகத்தான் போகிறது. வாரம் ஒருமுறை, லோடு கிடைத்தால் லோடோடு, இல்லாவிட்டால் சும்மாவாவது, அரை மணி நேரம் ஒரே சீரான வேகத்தில் அந்த ரோட்டில் ஓட்டினால் ஃபில்டருக்குத் தேவையான சூடு கிடைத்துவிடும். ஐந்தாவது கியரில் எஞ்சினைத் திணறவிடாமல், ஒரு கியர் குறைத்து ஓட்டினால் இன்னும் நல்லது. டோல் கட்டணமும் டீசலும் செலவுதான். புது ஃபில்டரோடு ஒப்பிட்டால் டீ செலவு.

விளக்கு எரிந்து பல நாள் ஆகி, இழுவையும் போயிருந்தால் ரோட்டில் ஓட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டி, நின்ற இடத்திலேயே கரியை எரிக்கச் செய்ய முடியும். ‘மாத்தணும்’ என்பதற்கு முன் ‘ஃபோர்ஸ்டு ரீஜென் பண்ணிப் பார்த்தீங்களா?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் பிரச்னை அங்கேயே முடிந்துவிடும். சில நேரம் கோளாறு ஃபில்டரிலேயே இருக்காது. அழுத்த சென்சாரோ அதன் குழாயோ இன்ஜெக்டரோ காரணமாக இருக்கும். அப்போது புது ஃபில்டர் போட்டாலும் மறுபடி அடைக்கும். கரி எரிந்தாலும் எஞ்சின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் மட்டும் எரியாமல் சேரும் என்பதால், கம்பெனி சொன்ன குறைந்த சாம்பல் ஆயிலையே ஊற்ற வேண்டும். விலை குறைவு என்று வேறு ஆயில் ஊற்றினால் ஃபில்டரின் ஆயுள்தான் குறையும். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவுவதும் ஆபத்து; தேன்கூடு விரிசல் விடும். இன்னொன்று, எரிக்கும் நேரத்தில் சைலன்சர் பக்கம் பயங்கரச் சூடாக இருக்கும். வைக்கோல், சருகு கிடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டாம்.

பழைய பிஎஸ்-6 பிக்கப் வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு வெள்ளைத் துணி எடுத்துப் போங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது சைலன்சர் வாய்க்குள் விட்டுத் துடைத்துப் பாருங்கள். ஃபில்டர் நன்றாக இருக்கும் வண்டியில் துணி கிட்டத்தட்ட அப்படியே வரும். அடுப்புக்கரிபோல கறுப்பாக வந்தால், விலை பேசுவதற்கு முன் ஃபில்டர் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். கூடவே சாவி போட்டதும் அந்த மஞ்சள் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைகிறதா என்றும் கவனியுங்கள். எரியவே இல்லை என்றால், யாரோ அதை ஏற்கெனவே அணைத்துவைத்திருக்கக்கூடும்.