தைமஸ் உயிரணுக்களில் ஜீன்களின் மடிப்பும் விரிவும்

பிறந்த குழந்தைக்குப் பி.சி.ஜி. ஊசி போடுமுன், அதன் உடன்பிறந்தோர் எவரேனும் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடுந்தொற்றினால் இறந்ததுண்டா என வினவுதல், மாஹிம் போன்ற நெருக்கமிக்க பகுதிகளில் பணியாற்றும் களப்பணியாளர்க்கு இன்றியமையாததாகும். பி.சி.ஜி. மருந்து வலுக்குறைக்கப்பட்ட உயிர்க்கிருமிகளைக் கொண்டது. தொற்றினை எதிர்க்கும் டி-உயிரணுக்கள் அற்ற குழந்தையின் உடலில் அக்கிருமிகளே பரவி உயிருக்கு ஊறு விளைவிக்கும். அவ்வுயிரணுக்கள் தோன்றும் விதத்தை ஈண்டுக் காண்போம்.

மனித உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டி இணைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் இருக்கும். அவை ஹிஸ்டோன் புரதங்களின்மீது சுற்றப்பட்டு, மீண்டும் மடிக்கப்பட்டு, கண்ணுக்குப் புலப்படாத உட்கருவினுள் அடங்குகின்றன. இழையும் புரதமும் சேர்ந்த பொருளே குரோமாட்டின் எனப்படும். கடையில் அடுக்கிய புடவையின் உள்மடிப்பு வெளியே தெரியாதது போல, இறுக மடிந்த பகுதியிலுள்ள ஜீன்கள் பெரும்பாலும் இயங்குவதில்லை. கல்லீரலிலும் தைமஸ் சுரப்பியிலும் ஜீன்கள் ஒன்றே, மடிப்புதான் வேறு. ஆயினும் இவ்வுவமை முற்றும் பொருந்தாது. புடவையைக் கடைக்காரர் பிரிக்கிறார். இங்கோ, இழையின் குறிப்பின்படி உருவான புரதங்களே அவ்விழையைப் பிரிக்கின்றன.

தைமஸில் அத்தகைய புரதங்களுள் ஒன்று சாட்-பி-1. டெருமி கோவி-ஷிகெமாட்சு குழுவினர் 1992-இல் இதனை விவரித்தனர். உட்கருவினுள் கூண்டு போன்ற வலையாக அமைந்து, தொலைவிலுள்ள இழைப்பகுதிகளை இது பிணைத்து நிறுத்துவதை 2003-இல் காட்டினர். இப்புரதமற்ற எலிகளில் டி-உயிரணுக்களின் வளர்ச்சி இடைநிலையிலேயே பெரிதும் தடைபட்டது.

அக்குழுவில் பணியாற்றிய சஞ்சீவ் கலாண்டே, பின்னர்ப் புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் இவ்வாய்வைத் தொடர்ந்தார். 2006-இல் வெளிவந்த முடிவு வியப்புக்குரியது. சாட்-பி-1 மீது பாஸ்பேட் தொகுதி ஒன்று சேர்ந்தால், ஹிஸ்டோன்களின் அசிட்டைல் தொகுதிகளை நீக்கும் நொதியுடன் அது இணைந்து ஜீன்களை அடக்குகிறது. பாஸ்பேட் நீங்கினால், அசிட்டைல் சேர்க்கும் நொதியுடன் இணைந்து அவற்றை இயக்குகிறது. அடைப்பதும் திறப்பதும் ஒரே புரதமே.

டி-உயிரணு தன் ஏற்பியை உருவாக்க, ஜீன் துண்டுகளை வெட்டியிணைக்கும் ராக் புரதங்கள் வேண்டும். எலியின் தைமஸில் ராக் ஜீன்கள் இயங்கச் சாட்-பி-1 துணைபுரிவதாக 2015-இல் அறியப்பட்டது. அந்த ராக் ஜீன்களே கடுமையாகப் பழுதுற்ற குழந்தைக்கு, மடிப்பு சரியாக விரிந்தும் பயனில்லை, டி-உயிரணுக்கள் தோன்றா. பி.சி.ஜி. ஊசியால் ஊறு நேரக்கூடிய குழந்தைகளுள் இவர்களும் அடங்குவர். ஐயத்திற்குரிய குடும்ப வரலாறு தெரியவந்தால், ஊசியை நிறுத்திவைத்து மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். மாஹிமிற்கு அணித்தே பரேலிலுள்ள தேசிய நோயெதிர்ப்பு இரத்தவியல் நிறுவனம் இத்தகைய பிறவிக் குறைபாடுகளை ஆராய்ந்து வருகிறது.